தித்திவங்சாவின் அடிவாரத்தைத் தேடி: ஒரு தேங்காயோடு 146 கிலோமீட்டர்

கோலாலம்பூருக்கு மேற்கே, கடலோரம் இருக்கும் கிள்ளானிலிருந்து மலை தெரியும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உண்மையாகவே தெரியும். இரவு முழுக்க மழை கொட்டி, காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தால், ஏழு மணியிலிருந்து எட்டரை வரை கிழக்கே நீலமாக ஒரு நீண்ட வரிசை நிற்கும். அதற்கு மேல் புகையும் புழுதியும் கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிடும். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு மேம்பாலத்தில் திரும்பும்போது அந்த வரிசையைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது எங்கே தொடங்குகிறது என்று போன பள்ளி விடுமுறை வரை யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது என் வாய்தான். போன வருடம் என் வீட்டுக்காரர் காப்பார் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, ஏதோ ஒரு லோரி சிந்திவிட்டுப் போயிருந்த மணலில் சறுக்கி விழுந்தார். (பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குக் கூச்சம், அதனால் கடைசி வரை அவர் வீட்டுக்காரர்தான்.) இடது தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். ஆறாவது மாடி வார்டு, ஜன்னலோரக் கட்டில். மூன்றாம் நாள் காலை வந்த டாக்டர், “நடந்துடுவார், ஆனா கம்பு ஊணாம நடப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐம்பத்திரண்டு வயது, துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனிதர். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். முந்தின இரவு நல்ல மழை. மலை வரிசை பளிச்சென்று இருந்தது, நடுவில் ஒரு முனை மட்டும் கூராக நின்றது.

“முருகா, இவரு கம்பு இல்லாம நடக்கட்டும். அதோ அந்த மலை தொடங்குற எடத்துல இவரு கையாலயே தேங்கா ஒடச்சு, அங்கேருந்து மேல நூத்தெட்டு அடி நடந்து காட்டுவாரு.” இப்படி வேண்டிக்கொண்டேன். மறக்காமலிருக்கக் கைப்பேசியில் அந்த முனையைப் படமும் எடுத்து வைத்தேன். வேண்டுதல் என்னுடையது, நடக்க வேண்டிய கால் அவருடையது. அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை.

பதினொரு மாதம் ஓடியது. வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். வாசலைத் தாண்டினால் கம்பு. “எப்பங்க போலாம்?” என்று நான் கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரு கேள்வி தயாராக இருந்தது. முதலில் “எந்த மலை?” என்றார். படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது எரிமலை மாதிரி இருக்கே” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஆறு மாதம் கட்டிலில் கிடந்தபோது மலைகளைப் பற்றி இணையத்தில் இருந்த வீடியோ முழுவதையும் பார்த்து முடித்திருந்தார். “கூம்பா இருக்கு பாரு. உலு லங்காட்டுல சுடுதண்ணி ஊத்து வேற இருக்கு. செத்த எரிமலைதான் அது. எரிமலைன்னா அடிவாரம் வட்டமா இருக்கும், எந்தப் பக்கம் நின்னாலும் அடிவாரம். மலைத்தொடர்னா பேராக்லேருந்து நீளமா வரும், அதுக்கு அடிவாரம் வேற. மொதல்ல இது எதுன்னு தெரியணும்ல? தப்பான எடத்துல தேங்கா ஒடச்சா யார் கணக்குல எழுதுவாங்க?” நியாயமான கேள்விதான். எனக்குக் கோபம்தான் வந்தது. “சரி, வாங்க, நேர்ல போயே பாத்துடலாம்” என்றேன். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை என்று முடிவானது.

காலை 5.50க்குக் கிள்ளான் வீட்டிலிருந்து கிளம்பினோம். வேன் இல்லை, கார். கூட்டரசு நெடுஞ்சாலையில் அந்த நேரத்தில் வண்டி குறைவு. 37 கிலோமீட்டர், 6.35க்குக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ். கார் நிறுத்த இடம் தேடி அலையாமல் பல மாடி வாகன நிறுத்தத்தின் உச்சிக்கே ஓட்டிக்கொண்டு போனேன். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். கீழே இறங்கி ஆளுக்கு நான்கு இட்லி, ஒரு வடை, இரண்டு தே தாரேக் டீ, மொத்தம் 15 வெள்ளி, அதாவது ரிங்கிட். சட்னிக்கு நூறு மார்க் போடலாம்.

பூஜைச் சாமான் வாங்கப் பூக்கடைக்குப் போனோம். தேங்காய் இரண்டு, ஒன்று அழுகியிருந்தால் இன்னொன்று வேண்டுமே. 7 வெள்ளி. சூடம் 2, இரண்டு முழம் பூ 5.

“மலைக்குங்களாக்கா? இன்னிக்கு பத்துமலைல என்ன விசேஷம்?” என்று பூக்கார அக்கா பூவைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

“பத்துமலை இல்லக்கா. அதுக்குப் பின்னால பெருசா ஒரு மலை இருக்குதே, அதுக்கு.”

“பின்னால மலை இருக்குங்களா?” அக்கா கையை நிறுத்திவிட்டார். இருபது வருடமாகக் கடை போட்டிருக்கிறாராம். நம் ஆட்களிடம் இதுதான் சிக்கல். கோலாலம்பூரில் மலை என்றால் ஒரே மலைதான், 272 படி, முருகன் சிலை, முடிந்தது. அதற்குப் பின்னால் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குத் தித்திவங்சா என்று ஒரு முதுகெலும்பு தீபகற்பம் நெடுகப் போவது யார் கண்ணிலும் படுவதில்லை. பக்கத்தில் எலுமிச்சை பொறுக்கிக்கொண்டிருந்த அங்கிள் ஒருவர், “கெந்திங்காமா? தேங்கா ஒடச்சிட்டு மேல போய் ஆடினா வருமா?” என்று ஆவலாக விசாரித்தார். கெந்திங் மலை உச்சியில் சூதாட்ட விடுதி இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அன்றைக்கு முதல் சிரிப்பு அங்கே வந்தது.

7.25க்கு வாகன நிறுத்தத்தின் மொட்டை மாடிக்குத் திரும்பினோம். இதற்காகத்தான் உச்சியில் நிறுத்தினேன். கட்டடங்களுக்கு இடையில் கிழக்கே ஒரு சந்து மாதிரித் திறந்திருந்தது. கைப்பேசிப் படத்தையும் எதிரில் தெரிந்த மலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கூம்பைக் காணவில்லை! கிள்ளானிலிருந்து கூராகத் தெரிந்த முனை, இங்கிருந்து பார்த்தால் ஒரு நீண்ட முதுகின் தோள்பட்டை. அதற்கு இடப்பக்கம் புதிதாக இரண்டு முனை முளைத்திருந்தது. உங்களுக்கும் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். ஒரே மலையை முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இரண்டு இடத்திலிருந்து படம் எடுங்கள். எரிமலைக் கூம்பு என்றால் எந்தப் பக்கம் போனாலும் கிட்டத்தட்டக் கூம்பாகவே இருக்கும். தொடரின் முகடு என்றால் நீங்கள் நகர நகர ஆள் மாறிவிடும். இதைச் சொன்னவரும் வீட்டுக்காரர்தான். சொல்லிவிட்டுத் தன் எரிமலைக்குத் தானே வேட்டு வைத்துவிட்டோம் என்று புரிந்ததும், “ஆனா சுடுதண்ணி?” என்றார். வாகன நிறுத்தம் 3 வெள்ளி.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அம்பாங் 11 கிலோமீட்டர். சனிக்கிழமை என்பதால் 25 நிமிடம்தான், வேலை நாளென்றால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்பாங் ஒரு காலத்தில் ஈயச் சுரங்க ஊர். இப்போது அடுக்குமாடியும் கடை வரிசையும்தான். ஊரைத் தாண்டி உலு லங்காட் போகும் மலைப்பாதையில் ஏறினோம். வளைவுகளை இருபது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், வளைவில் முந்தாதீர்கள்.

“மலை வந்துடுச்சா?” என்று நான் ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன்.

“இது குன்று.”

“இது?”

“இதுவும் குன்றுதான் லா.”

“எப்பதாங்க மலையாகும்?”

“அத பாக்கத்தான வந்திருக்கோம்?” என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

8.40க்கு உச்சியிலிருக்கும் காட்சி முனையில் நிறுத்தினோம். ஒரு பக்கம் கோலாலம்பூர் முழுக்கக் காலடியில் கிடந்தது, மறுபக்கம் பச்சை மேல் பச்சையாக முதுகுகள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அம்மாவிடம், மக்சிக்கிடம், மலாயில் கேட்டேன், நாம் நிற்பது மலையா என்று. அவர் கரண்டியால் காலடியைக் காட்டி “புக்கிட்” என்றார், அதாவது குன்று. அதே கரண்டியால் தூரத்தில் காட்டி “குனோங்” என்றார், அதுதான் மலை. நடுவில் எங்கே மாறுகிறது என்று கேட்டதற்குக் கரண்டியை அப்படியும் இப்படியும் ஆட்டிவிட்டுச் சிரித்தார். நானும் பார்த்தேன். நாங்கள் நின்ற குன்று அடுத்த குன்றில் ஒட்டியிருந்தது, அது அதற்கடுத்ததில், கடைசியில் மலையில். எந்த இடத்திலும் ஒரு வெட்டு இல்லை. நாசி லெமாக் பொட்டலம் 2 வெள்ளி 50, சம்பல் கண்ணில் நீர் வரவழைக்கும்.

இறக்கத்தில் 13 கிலோமீட்டர் போய் 9.35க்குப் ‘பத்து பதினாறு’ (பதினாறாம் மைல்) என்ற ஊர்ப் பக்கத்தில் ஆற்றோர வெந்நீர்க் குளத்தை அடைந்தோம். ஆளுக்கு 3 வெள்ளி வாங்கினார்கள், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி கட்டாயம். கால் வைக்கும் தொட்டியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் ஆள், நாற்பது வயது இருக்கும், கணுக்கால் வரை சேறு படிந்த பூட்ஸைப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தார். வீட்டுக்காரர் காலை உள்ளே விட்டதும் முகம் மலர்ந்தது.

“பாத்தியா சாந்தி? கீழ எரியாமயா இவ்ளோ சூடு? எரிமலைதான்.”

சேற்று பூட்ஸ்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது எரிமலைத் தண்ணி இல்ல. மழைத்தண்ணி கல்லு வெடிப்புல ரொம்ப ஆழத்துக்கு எறங்கிடும். அங்க சூடாகி வேற வெடிப்பு வழியா மேல வந்துடும். அவ்ளோதான். எரிமலைக் கல்லு பாக்கணும்னா சபாவுல தாவாவ் பக்கம் போங்க. இல்லன்னா கடலுக்கு அந்தாண்ட, சுமத்ரா.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?”

“நான் துளை போடுற ஆளுண்ணே. இருபது வருஷமா.”

அவர் பெயர் செல்வம். பாலமோ கட்டடமோ கட்டுமுன் மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க, இயந்திரத்தால் துளையிட்டுக் கல்லை உருவியெடுக்கும் வேலை. சுங்கை பூலோவில் வீடு, மாதத்தில் பாதி நாள் வெளியூரில். அன்றைக்கு மெஷினுக்கு ஒரு சாமான் வரவேண்டியிருந்ததால் கால் நனைக்க வந்திருந்தார். நான் வேண்டுதல் கதையைச் சொல்லி, கைப்பேசிப் படத்தைக் காட்டினேன். உன்னிப்பாகப் பார்த்தார்.

“அக்கா, இது தனி மலை இல்ல. தொடரோட மூக்கு. நேருக்கு நேரா நின்னு பாத்தீங்க, அதான் கூரா தெரியுது. பக்கவாட்டுல பாத்தா நீட்டமா இருக்கும். வாங்க, கல்லையே காட்டுறேன்.”

அவர் மோட்டார் சைக்கிளைப் பின்தொடர்ந்து 3 கிலோமீட்டர் போனோம். ரோட்டோரத்தில் கூடாரம், மூன்று கால் நட்ட மெஷின், பக்கத்தில் நீளமான மரப்பெட்டிகள். பெட்டி திறந்தால் உள்ளே வரிசையாக உருளை உருளையாகக் கல். ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்தது. சாம்பல் நிறக் கருங்கல், வெயிலில் திருப்பினால் உள்ளே சர்க்கரை மாதிரி மினுமினுக்கிறது. எனக்கு அதைக் கீழே வைக்க மனமே வரவில்லை.

“உருகின கொழம்புதான் இதுவும்” என்றார் செல்வம். “ஆனா வெளிய வராம உள்ளயே மெதுவா ஆறிப்போச்சு. மேல இருந்ததெல்லாம் கரைஞ்சு போய் இப்ப இது தெரியுது.”

“அப்ப நான் சொன்னதுல பாதி சரி” என்றார் வீட்டுக்காரர். அந்தப் பாதியை அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது, நானும் முயற்சி செய்யவில்லை.

“இந்தக் கல்லுதான்கா மலை” என்றார் செல்வம். “மேல மரம், மண்ணு, ரோடு என்ன வேணா இருக்கட்டும். இந்தக் கல்லு எங்க தொடங்குதோ, அங்க மலை தொடங்குது.”

“அது எங்க?”

“நீங்க வந்த வழியிலயே தாண்டிட்டீங்க. அம்பாங்குல. ஒரு குடியிருப்புத் தாமான்ல நானே ரெண்டு துளை போட்டேன். கீழ, பழைய ஈயக் குட்டை பக்கத்துல ஒண்ணு, சுண்ணாம்புக் கல்லு வந்துச்சு. கேஎல் டவுனுக்கு அடியில பாதி அதுதான், பத்துமலையும் அந்தக் கல்லுதான். நேரா நானூறு மீட்டர் மேல இன்னொண்ணு, கருங்கல்லு. நடுவுல எங்கயோ மாறுது. துளைய சிமெண்ட் போட்டு அடைச்சிருப்போம், ரோட்டோரமா வட்டமா இருக்கும், செவப்பு பெயிண்ட். தேடுனா கிடைக்கும்.” ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் வழியையும் வரைந்து கொடுத்தார். நான் ஒரு முழம் பூவை அவர் மெஷினுக்குச் சுற்றிவிட்டு வந்தேன்.

எனக்கு ஒரே குஷி. அடிவாரம் கிடைத்துவிட்டது, அதுவும் இரண்டு வட்டத்துக்கு நடுவில்! காரைத் திருப்பினேன். வீட்டுக்காரர் கம்பை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, “வெயில் ஏறிடுச்சு. எடந்தான் தெரிஞ்சுடுச்சே, இன்னொரு நாள் வரலாம்” என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எந்த மலை, எரிமலையா, தொடரா, குன்றா, அடிவாரம் எங்கே. பதினொரு மாதமாக இந்த மனிதர் கேட்ட அத்தனை கேள்வியும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. காரை ஆற்றோரம் ஒதுக்கி நிறுத்தினேன்.

“ஒங்களுக்கு என்னங்க பயம்?”

ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பிறகு ஆற்றைப் பார்த்தே சொன்னார். “ரெண்டு மாசம் முன்னாடி, நீ வேன் எடுத்துட்டுப் போனப்ப, பின்வாசப் படியில விழுந்துட்டேன். கால் அப்படியே விட்டுடுச்சு. ஒன்கிட்ட சொல்லல.” கம்பின் ரப்பர் முனையைத் தரையில் தேய்த்தார். “வீட்ல விழுந்தா விழுந்ததுதான் சாந்தி, எந்திரிச்சுடலாம். சாமிக்குச் சொன்ன நூத்தெட்டுல விழுந்தா? அப்ப அதுதான் பதில்னு ஆயிடும்ல?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதரைத் தேர்வு எழுத உட்கார வைத்தது நான்தான். ஜன்னலோரம் நின்று, அவரைக் கேட்காமல், அவர் காலை வைத்து நான் பேரம் பேசியிருக்கிறேன். “வேணாங்க, வீட்டுக்குப் போயிடலாம். நானே சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்குறேன்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். “ரோட்டோரந்தானே, அந்த வட்டத்த மட்டும் பாத்துட்டுப் போலாம்” என்றார். மலை மேல் அவருக்கு வந்திருந்த ஆசை அப்படி.

22 கிலோமீட்டர் திரும்பி 12.10க்கு அந்தத் தாமான். எந்தத் தாமான் என்று எழுதவில்லை, குடியிருப்பவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். முதல் வட்டம் புல்லுக்குள் கிடைத்தது, சாப்பாட்டுத் தட்டு அளவு சிமெண்ட், வெளிறிப்போன சிவப்பு. ரோடு அங்கிருந்து நேராகப் போகிறது, இருபக்கமும் வரிசை வீடு. தட்டையாகத்தான் தெரிந்தது. “இதுவா மலை?” என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். கம்பு காரிலேயே இருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி நான் பூஜைப் பையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாசலில் சீன அங்கிள் ஒருவர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தேங்காயும் பூவுமாக இரண்டு பேர் புல்லைத் துழாவுவதைப் பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். மலை எங்கே தொடங்குகிறது என்று தேடுகிறோம் என்றேன். இங்கேயா என்று வயிறு குலுங்கச் சிரித்தார். வீட்டுக்காரர் தரையைக் காட்டி, கையால் துளை போட்டுக் காட்டி, தனக்குத் தெரிந்த மலாயில் சுண்ணாம்புக் கல்லையும் கருங்கல்லையும் விளக்கினார். அங்கிள் சிரிப்பை நிறுத்தினார். குழாயை மூடினார். பக்கத்து வீட்டுக் கேட்டைக் காட்டிச் சொன்னார்: முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், பெரிய மழை வந்தால் வெள்ளம் அந்தக் கேட் வரை வரும். அதற்கு மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. என் வீடு நனைந்ததே இல்லை.

நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நானூறு மீட்டருக்குள் எங்கே என்று செல்வத்தின் மெஷினுக்குத் தெரியாது. மழைத்தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது. “இங்கதான்” என்றார் வீட்டுக்காரர். விழுந்த நாளிலிருந்து அவர் குரலில் இவ்வளவு உறுதியை நான் கேட்டதில்லை.

இரண்டு கேட்டுகளுக்கு நடுவில் சூடம் ஏற்றினேன். வீட்டுக்காரர் தேங்காயைச் சுற்றி, ஓங்கி உடைத்தார். சரிபாதியாக, வெள்ளை வெளேரென்று. அங்கிள் கை தட்டினார். சில்லுகளைப் பொறுக்கி நான் நிமிர்வதற்குள் வீட்டுக்காரர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டு எண்ணினேன். நாற்பது வரை அவர் இடது காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அறுபதில் அவர் வேகம் கூடியது. ஏற்றம் என்பதே கண்ணுக்குத் தெரியாத தார் ரோடு, அவர் காலுக்கும் தெரியவில்லை. பின்னாலேயே வந்த அங்கிள் எண்பதிலிருந்து மலாயில் எண்ணத் தொடங்கினார். நூற்றெட்டு என்று நான் கத்தியபோது நாய் ஒன்று குரைத்தது, ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு வெட்கமே இல்லை, நடுரோட்டில் நின்று அழுதேன்.

அவர் நிற்கவில்லை. ரோட்டின் முடிவு வரை போனார். இரண்டாவது வட்டம் அங்கே இருந்தது. அதற்கு அப்பால் வீடுகள் இல்லை, காடு. சரிவில் சிமெண்ட் படிகள், ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி, பக்கத்தில் யானைக்குட்டி அளவு பாறை. கையால் தடவிப் பார்த்தார், அதே மினுமினுப்பு.

“வேண்டுதல் முடிஞ்சிடுச்சில்ல?”

“முடிஞ்சிடுச்சுங்க.”

“அப்ப இது சும்மா ஏறுறது” என்று சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.

ஒன்பதாவது படியில் இடது கால் விட்டுவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. மேலே ஓடினேன். அவர் தொடையைத் தேய்த்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். “விழுந்துட்டேன் சாந்தி” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். கீழே அங்கிள் என்ன நினைத்தாரோ தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, மிச்சப் படிகளையும் ஏறினார். மொத்தம் முப்பத்து நான்கு.

2.40க்கு மழை பிடித்துக்கொண்டது, 4.05க்கு வீடு. மொத்தம் 146 கிலோமீட்டர்.

இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்கு மறுநாள் காலையில் போங்கள், மற்ற நாளில் தூரத்து மலை தெரியாது. மொட்டை மாடியில் ஒரு படம், காட்சி முனையில் ஒரு படம் எடுத்து வைத்தால் எது தனி மலை, எது தொடரின் தோள் என்று வீட்டில் உட்கார்ந்தே சண்டை போடலாம். அடிவாரம் எங்கே என்று எந்த வரைபடமும் கோடு போட்டுத் தராது. அங்கேயே குடியிருப்பவர்களிடம், தண்ணீர் எது வரை வரும் என்று கேளுங்கள். தேங்காய் உடைத்தால் சில்லு, ஓடு, சூடச் சாம்பல் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துவந்துவிடுங்கள், அது அடுத்தவர் வாசல். இரண்டாவது தேங்காயை அங்கிளுக்குக் கொடுத்தோம், பதிலுக்கு ஒரு பை ரம்புத்தான் பழம் வந்தது.

கால் சரியில்லாதவர்களோடு போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வேண்டுதலைத் தட்டையான இடத்திலேயே முடித்துவிடுங்கள். செங்குத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேராத ஏற்றமாக.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் படிகளுக்குப் போகிறோம். வீட்டுக்காரர் இதுவரை மூன்று முறை விழுந்திருக்கிறார். அதில் ஒன்று நான் பக்கத்தில் இல்லாதபோது, மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய துறைமுகத்தில். அன்று மாலை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார்.